குலம் கேட்ட நிரலும் திறன் கேட்ட நிரலும்

ஒருவர் எக்குடியிற் பிறந்தவர் என்று அறிதல் வேறு. அவர் எத்தொழிலில் வல்லவர் என்று அறிதல் வேறு. முன்னதை அறிந்தால் பின்னதும் அறிந்ததாகும் என்று கருதுவது உலகில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு மயக்கம். மக்களிடையே வழங்கிய இம்மயக்கம் மக்கள் படைத்த எந்திரத்தினுள்ளும் புகுந்தது என்றால் வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் கணினியின் வரலாற்றில் அதுவே நிகழ்ந்தது. நிரல் ஒன்று தன்னை இயக்கும் நுண்செயலியை நோக்கி, "நீ யார்? உன் குடும்பம் எது?" என்று வினவுவதா, "இத்தொழில் உன்னால் இயலுமா?" என்று வினவுவதா என்பதே அவ்வரலாற்றின் உட்பொருள். சி மொழியில் எழுதப்படும் அவ்வினா பக்கக் கணக்கில் விரிந்து கிடந்த நிலையிலிருந்து ஒற்றை வரியாகச் சுருங்கிய முறையை இங்கே காணலாம்.

மலேசியத் தமிழர்க்கு இது தொலைவான செய்தி அன்று. சிரம்பானை அடுத்த அம்பாங்கான் வட்டாரத்தில் ஒரு காலத்தில் பால்மரங்கள் நிரை நிரையாய் நின்ற நிலங்கள் பல, இன்று குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. அருகிலுள்ள செனவாங் தொழிற்பேட்டையில் குறைகடத்திக் கூறுகள் செய்யும் ஆலைகள் உள்ளன. அங்கு மோட்டோரோலா நிறுவனத்திற்கு உரியதாயிருந்த ஆலை, 1999ஆம் ஆண்டில் அந்நிறுவனம் தன் குறைகடத்திப் பிரிவொன்றைத் தனியே பிரித்தபோது, ஆன் செமிகண்டக்டர் என்னும் நிறுவனத்தைச் சேர்ந்தது. வடக்கே பினாங்கில், பாயான் லெப்பாசில், இன்டெல் நிறுவனம் அமெரிக்காவிற்கு வெளியே தன் முதல் ஆலையை 1972ஆம் ஆண்டில் நிறுவியது. மங்கும் வாளியும் சுமந்தோரின் மக்களும் பேரர்களும் இத்தகைய ஆலைகளில் பணிபுரிந்து வருகின்றனர். உலகெங்கும் சென்ற இன்டெல் நுண்செயலிகள் பலவற்றின் மேற்புறத்தில் "மலாய்" என்னும் சொல் ஆங்கில எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருந்தது. அது, அச்சில்லு ஒருங்கிணைக்கப்பட்ட நாட்டைக் குறிப்பது.

மேற்புறத்தில் பொறித்ததை மனிதர் கண்ணால் படித்துவிடலாம். உள்ளே இயங்கும் நிரலுக்குக் கண் இல்லை. எச்சில்லின்மீது தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அந்நிரல் எங்ஙனம் அறியும்? இதுவே தொடக்க வினா.

வினா எழுந்த காரணம்

சி மொழியை டெனிஸ் ரிட்சி என்பார் 1972ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கினார். ஓர் எந்திரத்திற்கென எழுதிய நிரலை மற்றோர் எந்திரத்திற்கும் எளிதிற் கொண்டு செல்லலாம் என்பது அம்மொழியின் சிறப்பு. அதாவது, கீழே உள்ள நுண்செயலி எது என்பதைப் பொருட்படுத்தாமல் எழுதுவதே சி மொழியின் இயல்பு. நுண்செயலியை அடையாளம் காணும் வினாவோ அவ்வியல்புக்கு நேர் மாறானது. எந்திரத்தை மறக்கச் செய்யும் மொழியில் எந்திரத்தைப் பற்றியே கேட்க வேண்டிய நிலை நேர்ந்தது.

அந்நிலை நேர்ந்தமைக்குக் காரணம் நுண்செயலிகளின் வளர்ச்சியே ஆகும். இன்டெல் நிறுவனம் 1978ஆம் ஆண்டில் 8086 என்னும் செயலியை வெளியிட்டது. 1982ஆம் ஆண்டில் 80286, 1985ஆம் ஆண்டில் 80386, 1989ஆம் ஆண்டில் 80486, 1993ஆம் ஆண்டில் பென்டியம் என அவ்வழி தொடர்ந்தது. பழைய செயலிக்கு எழுதிய நிரல் புதிய செயலியிலும் ஓடும். இது மாறாத கொள்கையாகப் போற்றப்பட்டது. ஆனால் புதிய செயலி ஒவ்வொன்றும் பழையதில் இல்லாத சில கட்டளைகளையும் கற்று வந்தது. அக்கட்டளைகளைப் பயன்படுத்தினால் நிரல் விரைந்து ஓடும். அவற்றை அறியாத பழைய செயலியின்மீது அந்நிரல் ஏறினாலோ, பொருந்தாக் கட்டளை என்று செயலி மறுக்க, நிரல் நடுவழியில் நின்றுவிடும்.

எல்லார்க்கும் பொதுவான கட்டளைகளை மட்டும் கொண்டு எழுதினால் நிரல் எங்கும் ஓடும்; எங்கும் மெதுவாகவே ஓடும். புதிய கட்டளைகளைக் கொண்டு எழுதினால் விரைவு கிட்டும். பழைய கணினி வைத்திருப்போர் கைவிடப்படுவர். எளியவர் இல்லங்களிலும் பள்ளிகளிலும் பழைய கணினிகளே நெடுநாள் உழைக்கின்றன என்பதை எண்ணின், இது சிறிய இழப்பன்று. இரண்டுக்கும் இடைவழி ஒன்றுண்டு. ஒரே தொழிலை இரு வகையாக எழுதி வைத்து, ஓடும்போது செயலியின் திறனைக் கேட்டறிந்து, ஏற்றதைத் தெரிந்துகொள்வதே அவ்வழி. அவ்வழியில் செல்வதற்குச் செயலி விடை கூற வேண்டும். தொடக்கக் காலச் செயலிகளுக்கோ விடை கூறும் வாய் இல்லை.

குறிப்பால் உணர்ந்த காலம்

வாய் இல்லாதவரிடம் குறிப்பறிந்துகொள்வதே வழி. பழைய நிரலாளர் அதைத்தான் செய்தனர். 8086 செயலியில் கொடிப் பதிவகம் என்று ஒன்றுண்டு. அது 0 அல்லது 1 என்னும் இலக்கங்களாகிய பிட்கள் பதினாறு கொண்டது. அதன் மேல்முனையிலுள்ள நான்கு பிட்களும் 8086 செயலியில் எப்போதும் 1 என்றே நிற்கும். அவற்றில் 0 என்று எழுதிவிட்டு மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும். அப்போதும் 1 என்றே வருமாயின் அது 8086 இனத்தைச் சேர்ந்தது. 80286 செயலியின் தொடக்க நிலையில் இதற்கு மாறாக, 1 என்று எழுதினாலும் 0 என்றே வரும். பின்வந்த 80386 செயலியில் இப்பதிவகம் 32 பிட் நீளம் பெற்றது; ஆனால் அதன் 18ஆம் பிட்டை மாற்ற இயலாது. 80486 செயலியில் அதை மாற்ற இயலும். இவ்வாறு எழுதிப் பார்த்தும் படித்துப் பார்த்தும், எது அசைகிறது, எது அசையவில்லை என்பதைக் கொண்டு செயலியின் தலைமுறை உய்த்துணரப்பட்டது.

இதனினும் நுட்பமான சோதனைகளும் இருந்தன. 8086, 8088 என்னும் இரண்டும் கட்டளைகளில் ஒன்றே. ஆனால் அடுத்துவரும் கட்டளைகளை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும் வரிசை, முன்னதில் ஆறு பைட்டு நீளம். பின்னதில் நான்கு பைட்டு நீளம். ஆகவே நிரல், சற்றுத் தொலைவில் தனக்கு முன்னே உள்ள ஒரு கட்டளையைத் தானே மாற்றி எழுதும். மாற்றுவதற்கு முன்பே அக்கட்டளை வரிசைக்குள் வந்துவிட்டிருந்தால் பழையதே நிறைவேறும். வராதிருந்தால் புதியது நிறைவேறும். நிறைவேறியது எது என்று கண்டு, வரிசையின் நீளத்தை அறிந்து, அதனால் செயலியையும் அறிந்தனர்.

சைரிக்ஸ் என்னும் நிறுவனத்தின் செயலிகளைப் பிரித்தறியப் பின்னர் ஒரு வழி கையாளப்பட்டது. 5 என்னும் எண்ணை 2 ஆல் வகுக்கச் சொல்லிவிட்டு, கொடிப் பதிவகத்தைப் பார்ப்பர். வகுத்தபின் கொடிகள் எந்நிலையில் இருக்கும் என்பதை இன்டெல் கையேடு வரையறுக்கவில்லை. இன்டெல் செயலியில் அவை மாறின. சைரிக்ஸ் செயலியில் மாறவில்லை. அவ்வேறுபாடே அடையாளமாயிற்று. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிலும் இச்சோதனை இடம்பெற்றிருந்தது.

இவை அறிவுக்கூர்மையின் விளைவுகள் என்பதில் ஐயமில்லை. எனினும் இவற்றுள் ஒரு குறை பொதிந்து கிடந்தது. நூல் விதிக்காத ஒன்றை விதியாகக் கொண்டமையே அக்குறை. கையேடு உறுதி கூறாத நடத்தை நாளை மாறினால், அதன்மேல் எழுப்பிய முடிவும் பிழையாகும். மேலும் இச்சோதனைகளைச் சி மொழியில் எழுத இயலாது. எந்திரத்திற்கு நெருங்கிய அசெம்பிளி மொழியில்தான் எழுத இயலும். சி நிரலின் நடுவே வேற்று மொழித் துண்டுகள் செருகப்பட்டன. அவற்றின் பொருளை எழுதியவர் அறிந்திருந்தார்; பின்வந்தவர் அஞ்சி ஒதுங்கினர்.

வாய் திறந்த செயலி

1993ஆம் ஆண்டில் பென்டியம் செயலியுடன் சிபியூஐடி என்னும் கட்டளை வந்தது. பின்னர் வெளிவந்த 80486 செயலிகள் சிலவும் அதைப் பெற்றன. செயலி தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும் கட்டளை இது. கொடிப் பதிவகத்தின் 21ஆம் பிட்டை மாற்ற இயலுமாயின் அக்கட்டளை உண்டு என்பது பொருள்.

இக்கட்டளையை 0 என்னும் எண்ணுடன் அழைத்தால், செயலி ஆக்கியோனின் பெயரைப் பன்னிரண்டு எழுத்துகளில் கூறும். இன்டெல் செயலி "ஜெனுயின்இன்டெல்" என்னும். ஏஎம்டி செயலி "அதென்டிக்ஏஎம்டி" என்னும். சைரிக்ஸ் செயலி சற்றே குறும்பாக, "சைரிக்ஸ்இன்ஸ்டெட்", அதாவது "மாற்றாகச் சைரிக்ஸ்" என்னும். 1 என்னும் எண்ணுடன் அழைத்தால், குடும்பம், மாதிரி, படிநிலை ஆகிய எண்களைத் தரும். அதனுடன், திறனுக்கு ஒரு பிட் வீதம் நீண்ட பட்டியலையும் தரும். 23ஆம் பிட் 1 ஆனால் எம்எம்எக்ஸ் திறன் உண்டு. 25ஆம் பிட் 1 ஆனால் எஸ்எஸ்இ திறன் உண்டு. 26ஆம் பிட் எஸ்எஸ்இ2 திறனுக்கு உரியது. ஒரு கட்டளையால் பல எண்களை ஒருசேரக் கணக்கிடும் ஆற்றலே இத்திறன்களின் பொதுத் தன்மை.

ஆகவே ஒரே கட்டளை, குலமும் கூறியது, திறனும் கூறியது. கேட்போர் எதைக் கேட்டனர் என்பதில்தான் வரலாறு இரண்டாகப் பிரிந்தது.

குலம் கேட்டதால் விளைந்த கேடு

பழக்கம் எளிதில் விடாது. குறிப்பால் தலைமுறையை உணர்ந்து வந்தோர், வாய் திறந்த செயலியிடமும் தலைமுறையையே கேட்டனர். குடும்ப எண் 5 ஆனால் பென்டியம். 6 ஆனால் அதனினும் உயர்ந்தது. உயர்ந்ததற்குத் தாழ்ந்ததன் திறன் யாவும் உண்டு என்று எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணம் விரைவில் பொய்த்தது. 1995ஆம் ஆண்டில் வந்த பென்டியம் புரோ குடும்பம் 6ஐச் சேர்ந்தது. அதற்கு எம்எம்எக்ஸ் திறன் இல்லை. 1997ஆம் ஆண்டில் வந்த பென்டியம் எம்எம்எக்ஸ் குடும்பம் 5ஐச் சேர்ந்தது. அதற்கு அத்திறன் உண்டு. மூத்த குடும்பத்தில் இல்லாத திறன் இளைய குடும்பத்தில் இருந்தது. பின்னர் 2000ஆம் ஆண்டில் வந்த பென்டியம் 4 குடும்ப எண் 15 பெற்றது. 2006ஆம் ஆண்டில் வந்த கோர் 2 மீண்டும் 6 என்னும் எண்ணுக்கே திரும்பியது. எண் பெரிதானால் திறனும் பெரிது என்று எழுதிய நிரல்கள் புதியதைப் பழையது என்று கருத நேர்ந்தது.

ஆக்கியோனின் பெயரைக் கேட்டதால் விளைந்தது இதனினும் பெரிய வழக்கு. சி மொழியில் எழுதியதை எந்திரக் கட்டளையாக மாற்றும் மென்பொருளுக்குத் தொகுப்பி என்று பெயர். இன்டெல் நிறுவனம் வெளியிட்ட தொகுப்பி, தான் உருவாக்கும் நிரலுக்குள் ஒரு வாயிற்காவலனை வைத்தது. அக்காவலன் திறன் பிட்களை மட்டும் பார்க்கவில்லை. ஆக்கியோனின் பெயரையும் பார்த்தான். பெயர் இன்டெல் அன்றாயின், அத்திறன் செயலிக்கு இருந்தும் விரைந்த வழி மறுக்கப்பட்டது. மெதுவான வழியே அளிக்கப்பட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த ஆக்னர் பாக் என்னும் ஆராய்ச்சியாளர் இதை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்.

தம் செயலியின் இயல்பைத் தாமே முற்ற அறிவோம், பிறர் செயலிக்கு உறுதி கூற இயலாது என்று கூறுவதற்கும் இடமுண்டு. ஆனால் பிறர் செயலி தன் திறனைப் பிட்களால் வெளிப்படையாகக் கூறியிருக்க, அதைக் கேளாமல் பெயரைக் கேட்டது ஏன் என்னும் வினா எஞ்சி நின்றது. 2009ஆம் ஆண்டு நவம்பரில் இன்டெல் நிறுவனம் ஏஎம்டி நிறுவனத்துடன் இருந்த வழக்குகளைத் தீர்த்துக்கொள்ள 125 கோடி டாலர் அளிக்க உடன்பட்டது. தொகுப்பி அவ்வழக்குகளின் ஒரு பகுதியே. 2010ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையத்துடன் அது, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், ஓர் உடன்பாடு செய்துகொண்டது. தன் தொகுப்பி பிற நிறுவனச் செயலிகளுக்கு அதே அளவு விரைவைத் தராமற் போகலாம் என்பதைப் பயன்படுத்துவோர்க்கு அறிவித்தல் வேண்டும் என்னும் விதி அவ்வுடன்பாட்டில் இடம்பெற்றது.

தோட்டப்புற வரலாறு அறிந்தோர்க்கு இது புதிதாகத் தோன்றாது. கங்காணி முறை நிலவிய காலத்தில், பெரட்டுக் களத்தில் நின்ற தொழிலாளி இன்ன கங்காணியின் ஆள் என்றே அறியப்பட்டார். கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் திரட்டி வந்தார்; தன் ஆட்கள் வேலைக்கு வந்த கணக்கின்படி தலைக்காசும் பெற்றார். யாருடைய ஆள் என்பது முதல் வினா. என்ன வல்லவர் என்பது பின் வினா. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் மலாயாவுக்குக் குடிபெயர்வதைத் தடை செய்தபின் கங்காணி வழி ஆள்திரட்டல் முடிவுற்றது. மனிதரிடத்தில் நிகழ்ந்ததையும் சில்லினிடத்தில் நிகழ்ந்ததையும் ஒன்றென வைத்தல் பொருந்தாது. மனிதர் பட்ட துயரைச் சில்லு படுவதில்லை. ஆயினும் பெயரைக் கேட்டு வழியடைக்கும் முறை எங்கு நிலவினும், திறனுடையோர் பின்தள்ளப்படுவர் என்பது இரண்டிற்கும் பொது.

திறன் கேட்டும் தீராத சிக்கல்

குலத்தை விட்டுத் திறனைக் கேட்கத் தொடங்கியதும் எல்லாம் எளிதாகிவிடவில்லை. 2011ஆம் ஆண்டில் இன்டெல் செயலிகளில் ஏவிஎக்ஸ் என்னும் திறன் வந்தது. அது 256 பிட் நீளமுள்ள புதிய பதிவகங்களைப் பயன்படுத்துவது. கணினியில் பல நிரல்கள் மாறி மாறி ஓடுகின்றன. ஒன்றை நிறுத்தி மற்றொன்றை ஓட்டும்போது, நின்றதன் பதிவகங்களைக் காத்து வைப்பது இயங்குதளத்தின் கடமை. புதிய பதிவகங்களைக் காக்க அறியாத பழைய இயங்குதளம் இருக்குமாயின், செயலிக்குத் திறன் இருந்தும் பயனில்லை. கட்டளை மறுக்கப்பட்டு நிரல் வீழும். நன்கு பால்மரம் சீவத் தெரிந்தும் நிரை ஒதுக்கித் தரப்படாத தொழிலாளியின் நிலை அது.

ஆகவே ஏவிஎக்ஸ் உண்டா என அறிய மூன்று வினாக்கள் வேண்டியிருந்தன. செயலிக்கு அத்திறன் உண்டா என்பது ஒன்று. பதிவகங்களைக் காக்கும் ஏற்பாட்டை இயங்குதளம் தொடங்கி வைத்துள்ளதா என்பது இரண்டு. அவ்வேற்பாட்டில் இப்புதிய பதிவகங்களும் அடங்குமா என்பது மூன்று. முதல் வினாவோடு நிறுத்திக்கொண்ட நிரல்கள் சில கணினிகளில் நன்கு ஓடி, வேறு சிலவற்றில் காரணம் தெரியாமல் வீழ்ந்தன.

கேட்கும் முறையிலும் இடர் இருந்தது. சிபியூஐடி கட்டளை தன் விடையை நான்கு பதிவகங்களில் வைக்கும். அவற்றுள் ஒன்றை, 32 பிட் நிரல்களின் ஒரு வகையில், தொகுப்பி வேறொரு பணிக்கெனத் தனக்கே ஒதுக்கி வைத்திருந்தது. அதைக் காத்து மீட்காமல் வினவினால், வினவிய நிரலே நிலைகுலையும். காத்து மீட்பதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாக எழுதினர். ஏஆர்எம் செயலிகளில் திறன் கூறும் பதிவகங்களைச் சாதாரண நிரல்கள் நேரே படிக்க இடமில்லாதிருந்தது. அதனால், ஐயத்திற்குரிய கட்டளையைச் செய்து பார்த்து, செயலி மறுத்து எழுப்பும் முறையீட்டை நடுவே பிடித்து, "இத்திறன் இல்லை" என்று முடிவு செய்யும் முறையும் கையாளப்பட்டது. மறைகுறியீட்டுப் பணிகளுக்கு உலகெங்கும் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் நிரல்தொகுதியும் இம்முறையைப் பின்பற்றியது.

நன்னூல், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை வகுத்துள்ளது. கூறியது கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல் ஆகியன அவற்றுட் சில. நிரலும் ஒரு நூலே எனக் கொண்டால், செயலியை அறியும் பகுதியில் இக்குற்றங்கள் மூன்றும் மலிந்திருந்தமை விளங்கும். ஒரே வினாவை ஒவ்வொரு நிரல்தொகுதியும் புதிதாய் எழுதியது கூறியது கூறல். திறன் ஒன்றையே அறிய வேண்டியவர் குடும்பம், மாதிரி, படிநிலை அனைத்தையும் கேட்டது மிகைபடக் கூறல். ஒரே நிரலின் ஒரு பகுதி ஏவிஎக்ஸ் உண்டு என்றும், இயங்குதளத்தையும் கேட்ட மற்றொரு பகுதி இல்லை என்றும் முடிவு செய்தது மாறுகொளக் கூறல்.

சுருங்கிய முறை

களைதல் படிப்படியாக நிகழ்ந்தது. 2005ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் தொகுப்பி, சிபியூஐடி கட்டளையைச் சி மொழிச் செயற்கூறு போலவே அழைக்க வழி செய்தது. 2008ஆம் ஆண்டில் கட்டற்ற தொகுப்பியாகிய ஜிசிசி, அதற்கெனத் தலைப்புக் கோப்பு ஒன்றை உடன் வழங்கியது. பதிவகத்தைக் காத்து மீட்கும் நுணுக்கம் அக்கோப்புக்குள் அடங்கியது. பிட் எண்களுக்குப் பெயர்களும் கிடைத்தன. வேற்று மொழித் துண்டுகள் சி நிரலிலிருந்து மறையத் தொடங்கின.

2013ஆம் ஆண்டில் அதே தொகுப்பி மேலும் ஒரு படி சென்றது. "பில்ட்டின் சிபியூ சப்போர்ட்ஸ்" என்னும் செயற்கூற்றை அழைத்து, அடைப்புக்குறிக்குள் "ஏவிஎக்ஸ்2" என்று எழுதினால் போதும். உண்டு அல்லது இல்லை என்னும் விடை கிடைக்கும். நிரலாளர் பதிவகம் அறிய வேண்டுவதில்லை. பிட் எண் அறிய வேண்டுவதில்லை. ஆக்கியோன் பெயர் அறியவும் வேண்டுவதில்லை. அவர் அறிய வேண்டியது தமக்குத் தேவையான திறன் ஒன்றே. 2016ஆம் ஆண்டில் வந்த ஆறாம் பதிப்பில் இவ்வினாவும் மறைந்தது. ஒரு செயற்கூற்றை ஒரு முறை எழுதி, இன்ன இன்ன திறன்களுக்கு ஏற்பப் பல படிகள் செய்க என்று தலைப்பில் குறித்தால், தொகுப்பியே படிகளை ஆக்கும். நிரல் நினைவகத்தில் ஏறும்போதே செயலிக்கேற்ற படி தெரிந்தெடுக்கப்படும். ஒவ்வொரு முறையும் கேளாமல் ஒரே முறை கேட்டு முடிவு செய்யும் இவ்வேற்பாட்டின் அடிப்படையிலேயே, லினக்ஸ் கணினிகளில் எழுத்துகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் படியெடுக்கும் அன்றாடப் பணியும் நடைபெறுகிறது.

இவ்வெளிமைக்கு ஒரு விலையும் உண்டு. எல்லாரும் ஒருவர் கூற்றையே நம்பினால், அவர் பிழைபட்டபோது எல்லாரும் பிழைபடுவர். அதுவும் நிகழ்ந்தது. மேற்கூறிய செயற்கூறு, ஏவிஎக்ஸ் குறித்துச் செயலியை மட்டும் கேட்டு, இயங்குதளத்தைக் கேளாமல் விடை கூறி வந்தது. இக்குறை 2018ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டப்பட்டுத் திருத்தப்பட்டது. ஆனால் இந்நிகழ்ச்சியே எளிமையின் பயனையும் விளக்குகிறது. ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதியிருந்தால், ஒவ்வொருவரும் தனித்தனியே தம் பிழையைக் கண்டு திருத்த வேண்டியிருக்கும். பலர் காணாமலே விட்டிருப்பர். ஓரிடத்தில் இருந்தமையால் ஒரு திருத்தம் போதுமாயிற்று. புதிய பதிப்பைக் கொண்டு மீண்டும் தொகுத்த யாவருக்கும் அதன் பயன் கிட்டியது.

கேட்காமலே விடுவதும் ஓர் எளிமையே. 64 பிட் செயலிகள் 2003ஆம் ஆண்டில் ஏஎம்டி வகுத்த முறையில் வந்தபோது, எஸ்எஸ்இ2 திறன் அவை அனைத்திற்கும் பொதுவாயிற்று. எல்லாரிடமும் உள்ளதை உண்டா என்று கேட்பது வீண். அவ்வாறே லினக்ஸ் இயங்குதளத்தின் கரு 80386 செயலிக்குரிய ஆதரவைக் கைவிட்டது. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த 3.8 பதிப்பில் அது நிறைவேறியது. 80386 செயலிக்கு ஒரு குறை இருந்தது: எழுதக் கூடாது எனக் குறித்த நினைவகப் பகுதியிலும், இயங்குதளத்தின் கரு எழுத முற்பட்டால் அது தடுக்காது. அக்குறைக்காகவே தனிச் சோதனைகளும் மாற்று வழிகளும் எழுதப்பட்டிருந்தன. 1991ஆம் ஆண்டில் லைனஸ் டோர்வால்ட்ஸ் அக்கருவை முதன்முதல் எழுதியது ஒரு 80386 கணினியின்மீது. பிறந்த வீட்டையே விட்டு வெளியேறியதனால் அக்கரு எளிமை பெற்றது. அவ்வெளியேற்றத்திற்கு உரிய காலம் எது என்பதே கடினமான முடிவு. பழைய கணினியை இன்னும் எத்தனை பேர் நம்பியிருக்கின்றனர் என்று அறியாமல் அதைச் செய்தல் அறமாகாது.

சென்னையில் எழுந்த சக்தி

குலம் கேட்டல் வீண் என்பதை முடிந்த முடிபாக்கியது ரிஸ்க்-வி என்னும் புதிய கட்டளைத் தொகுதி. அமெரிக்காவின் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 2010ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இத்தொகுதி எவர்க்கும் உரியது. உரிமத்தொகை இன்றி எவரும் இதன்படி செயலி செய்யலாம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையிலான குழு, இதன் அடிப்படையில் "சக்தி" என்னும் செயலி வரிசையை உருவாக்கியது. 2018ஆம் ஆண்டில் அவ்வரிசையின் ரைஸ்கிரீக் செயலி இன்டெல் நிறுவனத்தின் அமெரிக்க ஆலையில் 22 நானோமீட்டர் முறையிலும், ரீமோ செயலி சண்டிகரை அடுத்துள்ள அரசுக் குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையிலும் செய்யப்பட்டன. 2020ஆம் ஆண்டில் மூஷிக் என்னும் செயலி வெளிவந்தது.

எவரும் செய்யலாம் என்றால் ஆக்கியோர் பெயர்ப்பட்டியலுக்கு முடிவில்லை. பெயரைக் கேட்டுத் திறனை முடிவு செய்யும் நிரல், சென்னைச் செயலியின் பெயரை அறியாமையால் அதற்கு வழி மறுத்துவிடும். ஆதலின் இத்தொகுதியை வகுத்தோர் பெயரையும் திறனையும் முதலிலேயே பிரித்து வைத்தனர். ஆக்கியோனுக்கு ஒரு பதிவகம். திறனுக்கு வேறொரு பதிவகம். திறன் கூறும் பதிவகத்திற்கு "மிசா" என்று பெயர். அதில் ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளுக்கும் எழுத்துக்கு ஒரு பிட் உண்டு. எம் என்னும் எழுத்தின் பிட் பெருக்கலையும் வகுத்தலையும் குறிக்கும். எஃப், டி என்பன பின்ன எண் கணக்குகளைக் குறிக்கும். சி என்பது சுருக்கக் கட்டளைகளைக் குறிக்கும். வி என்பது பல எண்களை ஒருசேரக் கணக்கிடும் ஆற்றலைக் குறிக்கும். எழுத்துகளைக் கூட்டி ஒரு சொல்லாக எழுதினால், அச்சொல்லே செயலியின் திறன் விளக்கமாகிவிடுகிறது.

இவ்வழகிய ஏற்பாட்டிலும் இரு குறைகள் தோன்றின. திறன்கள் பெருகியதும் 26 எழுத்துகள் போதவில்லை. பல எழுத்துப் பெயர்கள் வேண்டியிருந்தன. அன்றியும், மிசா பதிவகத்தைச் செயலியின் உயர்ந்த அதிகார நிலையில்தான் படிக்க இயலும். சாதாரண நிரல் அதைக் காண இடமில்லை. ஆகவே விடை கூறும் பொறுப்பு இயங்குதளத்திற்கு வந்தது. 2023ஆம் ஆண்டில் லினக்ஸ் 6.4 பதிப்பு, "ஹெச்டபிள்யூபுரோப்" என்னும் அழைப்பை இதற்கென அளித்தது. ஒரு கணினியிலுள்ள செயலிக் கருக்கள் பலவற்றைச் சுட்டி, அவை அனைத்திற்கும் பொதுவான திறன் எது என்று அதன்வழிக் கேட்கலாம்.

இவ்வேற்பாட்டின் அருமை இன்டெல் செயலிகளில் நேர்ந்த ஒன்றை நோக்கினால் விளங்கும். 2021ஆம் ஆண்டில் வந்த ஆல்டர் லேக் செயலியில் வலிய கருக்களும் சிறிய கருக்களும் ஒருங்கே இருந்தன. ஏவிஎக்ஸ்-512 என்னும் திறன் வலிய கருவில் அமைந்திருந்தது. சிறிய கருவில் இல்லை. வலிய கருவில் ஓடும்போது "உண்டு" என்னும் விடை பெற்ற நிரல், மறுகணம் சிறிய கருவுக்கு மாற்றப்பட்டால் வீழும். முடிவில் அத்திறனையே இன்டெல் நிறுவனம் அச்செயலியில் பயன்பாட்டினின்று விலக்கிவிட்டது. ஒருவரைக் கேட்டு அனைவர்க்கும் முடிவு செய்வதன் இடர் இது. அனைவரையும் சேர்த்துக் கேட்கும் வினாவே இதற்கு மருந்து.

வரலாறு காட்டும் நெறி

1978 முதல் இன்று வரையுள்ள இவ்வளர்ச்சியைத் தொகுத்து நோக்கின், நிரலை எளிமையாக்குதல் என்பது வரிகளைக் குறைப்பது மட்டுமன்று என்பது தெளிவாகும். குடும்ப எண்ணை ஒரே வரியில் கேட்டு முடிவு செய்த நிரல் சுருக்கமானதுதான், ஆனால் பிழையானது. ஏவிஎக்ஸ் பற்றி ஒரே வினா கேட்ட நிரல், மூன்று வினாக் கேட்ட நிரலினும் குறுகியதுதான், ஆனால் வீழ்ந்தது. உண்மையான எளிமை, சரியான வினாவை, சரியான இடத்தில், ஒரே முறை கேட்பதில் அமைந்துள்ளது. குறிப்பால் உய்த்துணர்தல் கையேடு உறுதி கூறாததை நம்பியது. குலம் கேட்டல் பெயரை நம்பியது. திறன் கேட்டலே செயலி தானே அளித்த உறுதிமொழியை நம்புவது. அவ்வுறுதிமொழியையும் இயங்குதளத்தின் இசைவோடு சேர்த்தே கொள்ள வேண்டும் என்பதைப் பிற்கால அனுபவம் கற்பித்தது.

பள்ளிகளில் சி மொழி கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்வரலாற்றால் ஒரு பயன் உண்டு. பழைய நூல்களிலும் பழைய நிரல்களிலும் குடும்ப எண்ணை ஒப்பிடும் வரிகளும், ஆக்கியோன் பெயரை ஒப்பிடும் வரிகளும் இன்னும் காணப்படுகின்றன. அவற்றைக் கண்ட மாணவர் அப்படியே படியெடுத்துக்கொள்வது எளிது. அவ்விடத்தில், "இவ்வரி எதை அறிய விரும்புகிறது? அதை நேரே கேட்க இயலாதா?" என்னும் இரு வினாக்களை எழுப்பச் செய்தால், பல பக்கங்கள் தாமே உதிர்ந்துவிடும். செயலியில் உள்ள குறையொன்றிற்காக மட்டுமே, அதாவது இன்ன குடும்பத்தின் இன்ன படிநிலையில் இன்ன பிழை உண்டு என்று அறிந்து விலகிச் செல்வதற்காகவே, குடும்ப எண் இன்றும் தேவைப்படுகிறது. 1994ஆம் ஆண்டில் பென்டியம் செயலியின் வகுத்தற் பிழை வெளிப்பட்டது. அக்குறையுள்ள சில்லுகளைக் குறிக்க இவ்வெண்கள் உதவின. பிழை, பிறந்த இடத்தைப் பொறுத்தது. ஆகவே அதற்குப் பிறப்பைக் கேட்கலாம். திறனுக்குத் திறனையே கேட்க வேண்டும்.